கொங்கரப்பள்ளம் துப்பிய காலை

காலை ஆறு பத்துக்கு மாதம்மாள் மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்தாள். ஆறு பதினைந்துக்குக் கொங்கரப்பள்ளம் துப்ப ஆரம்பித்தது.

முதல் ‘தூ’ மேலத்தெருவில் நூலகத்துக்குப் பக்கத்து வீட்டில் கேட்டது. அடுத்தது மூன்று வீடு தள்ளி. அதற்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர் வாய் கொப்பளித்தார், முகத்தைச் சுளித்தார், அந்தக் கசப்பைப் போக்க மறுபடி கொப்பளித்தார், கொப்பளிக்கிற தண்ணீர்தான் கசக்கிறது என்று புரிந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாக்கை அழுத்தித் துடைத்தார். எதிர்வீட்டுப் பெண் நிரம்பிய குடத்தை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் குழாயைத் திட்டினாள்.

பள்ளிக்கூட வராந்தாவில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாகர்கோவில்காரி. வயது முப்பத்துமூன்று. நான்கு வருடம் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளோடு மல்லுக்கட்டியவள். இன்றைக்கு ஓர் ஊரே அவளுடைய ஆராய்ச்சிக்குப் பதில் சொல்கிறது, அதுவும் சத்தமாக.

“எம்மாடி, வேலை செய்யுது!” என்று எழுந்து நின்று கத்தினாள்.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சாயத்துத் தலைவர் தீர்த்தகிரியின் பைக் வாசலில் வந்து நின்றது. சலவை மடிப்புக் கலையாத சட்டை, கலைந்த முகம்.

“என்னாம்மா பண்ணி வெச்சிருக்கறே எங்க ஊர? ஜனங்க பூரா துப்பிக்கிட்டு நிக்கிது!”

“பூரா இல்ல தலைவரே, நாப்பது பேருதான். நேத்து சாயந்திரம் மிட்டாய் குடுத்தேன்லா, அவங்க மட்டும்.”

“அதுல என்னாத்தக் கலந்தே?”

“மறைக்கலியே, எழுதிக் காட்டி, படிச்சுச் சொல்லி, கையெழுத்து வாங்கித்தானே குடுத்தேன். அதுல ஒரு கிருமி இருக்கு. பயப்படாண்டாம், தயிர்ல இருக்கிற மாதிரி நல்ல கிருமி. நாக்குல குடியிருக்கும். ஃபுளூரைடு அளவுக்கு மேல இருக்கிற தண்ணி பட்டா கசப்பை விடும். அளவுக்குள்ள இருந்தா பேசாம இருக்கும். நாப்பது நாள்ல தானா செத்துரும்.”

“தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதேம்மா!”

“அதான் தலைவரே வம்பே. ஃபுளூரைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசி கிடையாது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல்லு பழுப்பாகுது, நாப்பது வயசுல முட்டி மடங்க மாட்டேங்குது. நாங்க பேப்பர்ல நம்பர் போட்டுக் குடுத்தா யாரு நம்புதா? இப்போ பேப்பர் வேண்டாம். அவங்கவங்க நாக்கே சொல்லிரும்.”

தீர்த்தகிரி மோவாயைத் தடவினார். ஹெப்சிபா இருந்த குஷியில் கேட்காததையும் சொன்னாள். “இன்னொரு கெட்டிக்காரத்தனமும் பண்ணியிருக்கோம். ஒவ்வொரு மிட்டாய்க்கும் ஒரு நம்பர். அந்தக் கிருமிக்குள்ளயே எழுதி வச்சிருக்கு. யாரு நாக்கைத் தடவி மெஷின்ல வச்சாலும் இது இன்னாருடைய மிட்டாய்னு சொல்லிரலாம்.”

“அப்பிடியா?” என்றார் தீர்த்தகிரி. “எங்க வூட்ல யாரும் தின்னலை. எங்க போர் தண்ணி எளநி மாதிரி இருக்கும். எங்களுக்கு எதுக்கு இந்த வேலை?”

மாதம்மாள் தொட்டியின் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது பேரில் அவளும் ஒருத்தி. ஊருக்குத் தெற்கே காலனியில் வீடு. பதினோரு வருடமாக அந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவள். ஹெப்சிபா ஓடிப்போய், “அக்கா, பாத்தீங்களா!” என்றபோது அவள் சிரிக்கவில்லை.

“பதினோரு வருசம் இந்தக் கையாலதான் தெறந்து வுட்டிருக்கறேன். எங்க வூட்டுக்காரருக்கு முதுகு வளையாம கட்டையாட்டம் படுத்துக் கெடந்தாரே, அவருக்கும் இதே தண்ணியத்தான் வாயில ஊத்துனேன்.”

ஹெப்சிபாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஏணியின் கீழ்ப்படியில் அவளும் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மாதம்மாள்தான் எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள்.

“சரி, அழுது என்னாவறது? இந்த ஊருல நல்ல தண்ணியே இல்லாமயா போயிருக்கும்? நாக்குதான் இருக்குதே. வாங்க, தேடிப் பாத்துருவோம்.”

அன்று கொங்கரப்பள்ளத்தில் நடந்தது போன்ற ஊர்வலம் அதற்கு முன்பு நடந்ததில்லை. நாற்பது பேர், கையில் ஆளுக்கொரு டம்ளர். முன்னால் மாதம்மாள். பக்கத்தில் அவள் தம்பி கபிலன். மோட்டார் பழுது பார்க்கிறவன், ஸ்பேனர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டான். எந்த மோட்டாரையும் எழுப்பித் தண்ணீர் வரவழைப்பது அவன் பொறுப்பு, குடித்துத் துப்புவது மற்றவர்கள் பொறுப்பு. மதியத்துக்குள் அளவுகோல் ஒன்றும் தானாக உருவாகிவிட்டது. சத்துணவுக்கூட அடிபம்பு ஒரு தூ. கோயில் போர் இரண்டு தூ. தொள்ளாயிரம் அடி தோண்டிய கரும்புத் தோட்டத்துப் போர், சந்தேகமே இல்லாமல் மூன்று தூ. ஹெப்சிபா ஒவ்வோர் இடத்திலும் ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்துக் கருவியில் வைத்துப் பார்த்தாள். கருவி சொன்னதும் ஊர் துப்பியதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

தீர்த்தகிரி தானே வலிய வந்து கூப்பிட்டார். “எங்க வூட்டுக்கும் வாங்க. நல்ல தண்ணின்னா என்னான்னு தெரிஞ்சிக்கங்க.”

மாதம்மாள் வாசலிலேயே நின்று ஒரு மடக்கு குடித்தாள். கண்ணை இறுக்கி மூடினாள். அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. தலைவர் வீட்டுச் செம்பருத்திச் செடியின் மேல் துப்பினாள். மறுபடி துப்பினாள். நாலாவது துப்பலுக்கு ஊர்வலம் மூச்சுக் காட்டாமல் நின்றது. அப்போது வீட்டுக்குள்ளிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. தலைவரின் மகள் சங்கவி, பி.எட். படிக்கிறவள், ஜன்னலுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான், நாற்பது பேரும் வெடித்துவிட்டார்கள்.

நல்ல தண்ணீர் கடைசியில் கிடைத்த இடம் யாரும் எதிர்பாராதது. காலனிக்குப் பின்னால், பாறைச் சரிவின் அடியில் ஒரு திறந்த கிணறு. முப்பது அடிகூட இருக்காது. குழாய் வந்த பிறகு அதில் யாரும் இறைப்பதில்லை. கபிலன் வாளியை விட்டு இறைத்தான். மாதம்மாள் குடித்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் இன்னொரு வாய் குடித்தாள்.

“என்னாக்கா? எப்பிடி இருக்குது?”

“ஒண்ணுமே இல்லடா! தண்ணி தண்ணியா இருக்குதுடா!” என்று சொல்லி மிச்சத்தைத் தம்பி தலையில் கவிழ்த்தாள்.

“ஆழத்துத் தண்ணி வருசக்கணக்கா பாறையோட ஊறிக் கிடக்கு, பாறையில இருக்கிறதெல்லாம் அதுல இறங்கும்,” என்று ஹெப்சிபா கத்திக் கத்தி விளக்கினாள். “இது போன மழைத் தண்ணி! குளோரின் மட்டும் போட்டாப் போதும்!” யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் இறைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து ஊர்க்காரர்கள் காலனிக்குக் குடத்தோடு வந்தார்கள். முதலில் எட்டத்தில் நின்று, யாராவது இறைத்து ஊற்றினால் நல்லது என்பதுபோலப் பார்த்தார்கள். மாதம்மாள் கயிற்றை நீட்டினாள். “வரிசையில வாங்க. அவங்கவங்க எறைச்சிக்கங்க. வாளி எங்களுது, பத்திரம்.” சிலர் திரும்பிப் போனார்கள். தாகம் எடுத்ததும் மறுபடி வந்தார்கள்.

மூன்றாம் நாள் டீக்கடை மாரப்பன் ஹெப்சிபாவின் கதவைத் தட்டினார். கையில் டம்ளர், கண்ணில் கண்ணீர் வராத குறை.

“டாக்டரம்மா, என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே! காலனிக் கெணத்துத் தண்ணியிலதான் டீ போட்டேன். அப்பவும் கசக்குதுங்கறானுங்க. எல்லாவனும் கடை வாசல்லயே துப்பறான்!”

ஹெப்சிபா ஒன்றும் புரியாமல் பேராசிரியர் கேசவமூர்த்திக்குப் போன் போட்டாள். ஆய்வுக்கு வழிகாட்டி அவர்தான்.

“ஐயையோ, டீ!” என்றார் அவர். “தேயிலைச் செடி மண்ணுல இருக்கிற ஃபுளூரைடை இழுத்து இலையில சேத்து வெக்கும்மா. கொதிக்க வெச்சா தண்ணியில எறங்கும்.”

“சார், நாலு வருசத்துல இது நமக்கு ஒரு தடவைகூடத் தோணலியே!”

“நான் காபி குடிக்கிறவன்மா,” என்றார் பேராசிரியர் பரிதாபமாக.

டூத் பேஸ்ட்டும் அதே கதைதான். ஊர் வேப்பங்குச்சிக்கு மாறியது. மாரப்பன் ஒருநாள் முழுக்கக் கடையைச் சாத்திவிட்டு யோசித்தார், மறுநாள் சுக்குக் காபி என்று பலகை எழுதிப் போட்டார். டீயை விட்ட ஏக்கத்தில் ஜனம் சுக்குக் காபியை வைது வைது குடித்தது. குடித்துவிட்டு இன்னொன்று கேட்டது.

பதினோராம் நாள் மாரப்பனே துப்பினார்.

ஹெப்சிபா பட்டியலைப் பார்த்தாள். நாற்பது பேரில் மாரப்பன் பெயர் இல்லை. அடுத்து, ஊருக்கு வந்துபோகும் பஸ்ஸின் கண்டக்டர் பஸ் ஸ்டாண்டு குழாயில் துப்பினார். மறுநாள் மேலும் ஆறு பேர். வார முடிவில் கசப்பு நாக்குக்காரர்கள் எழுபத்தொரு பேர்.

“எச்சில்,” என்றார் பேராசிரியர் போனில். குரல் இறங்கியிருந்தது. “வாய் விட்டு வாய் போய்ப் பிழைக்கக் கூடாதுன்னுதான் அந்தக் கிருமியச் செஞ்சோம். அது பிழைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஒரு குழு வரும். ஊர்ல எல்லார் நாக்குலயும் மாதிரி எடுப்பாங்க. யாருக்கு யார்கிட்டருந்து வந்துதுன்னு முழு வரைபடம் வேணும். அது இல்லாம ரெண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைக்காது. புரியுதா? உன் நாலு வருச உழைப்பு.”

புரிந்தது. புதிய பட்டியலில் ‘யாரிடமிருந்து’ என்று ஒரு பத்தி போட்டு, வீடு வீடாகப் போனாள். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. வாடிக்கையாளர்கள் வைத்துவிட்டுப் போகிற கடைசி மடக்கைக் கீழே ஊற்ற மனசு வராது என்று மாரப்பன் தலையைச் சொறிந்தார். நிலத்தகராறில் ஏழு வருடமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பி குடும்பத்தில், தம்பி மனைவி செண்பகவல்லியின் மிட்டாய்க் கசப்பு அண்ணன் மனைவியின் நாக்கில் இருந்தது. பின்சுவர் மேல் குழம்புக் கிண்ணம் போய் வந்துகொண்டிருந்ததாம், கரண்டியோடு. “எம் வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க மேடம்,” என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கெஞ்சினார்கள். கண்டக்டர் எதுவும் சொல்ல மறுத்துவிட்டு, காது சிவக்க விசில் ஊதினார்.

ஊர் சிரித்தது. ‘உனக்கு யாருகிட்டருந்து?’ என்பதுதான் தெருவில் முகமன். ஹெப்சிபாவும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள், வியாழக்கிழமை மதியம் தீர்த்தகிரி வந்து எதிரில் உட்காரும் வரை.

“என் பொண்ணு காலையில துப்புனா,” என்றார். சத்தம் போடவில்லை. “எங்க வூட்ல யாரும் மிட்டாய் தின்னலை. வெளிய யார் வூட்லயும் அவ கை நனைக்க மாட்டா.”

ஹெப்சிபா பேனாவை மூடினாள்.

“ஞாயித்துக்கிழமை நாக்கைத் தடவி டெஸ்ட் எடுக்கறாங்களாமே. அன்னிக்கி நீயே சொன்னே, நம்பர் தெரியும்னு. அவ வாயில எந்த நம்பர் இருக்குதுன்னு மொதல்ல எனக்குச் சொல்லணும். மத்தத நான் பாத்துக்கறேன்.”

அவர் போன பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் அறைக்குள் இருந்தது. இந்தப் பக்கத்துச் செய்திகளை அவளும் பேப்பரில் படித்திருக்கிறாள். ரயில் தண்டவாளம், கிணறு, தோட்டத்து வேப்பமரம். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் யாரோ ஓர் அப்பா ‘நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லியிருப்பார்.

ஒரு மணி நேரத்தில் மாதம்மாளும் கபிலனும் வந்தார்கள். ஹெப்சிபா எதுவும் கேட்பதற்கு முன்பே கபிலன் சொன்னான். “என் நம்பர் பதினேழு மேடம்.”

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு வருசம். அவ படிப்பு முடியட்டும்னு இருக்கறோம்.” பேரைச் சொல்லாமல் ‘அவ’ என்று சொன்னபோது முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது.

“நான் சொல்ல மாட்டேன்,” என்றாள் ஹெப்சிபா. “தலையே போனாலும் சொல்ல மாட்டேன்.”

“நீங்க சொல்ல வேணாம். உங்க மிசினு சொல்லிடுமே,” என்றாள் மாதம்மாள். “அத யாரு வாயப் பொத்தறது?”

குழு தன் சொந்தக் கருவிகளோடு வரும். முடிவு ஐந்தாறு பேர் கண்ணில் படும். தீர்த்தகிரிக்குக் குழுவை அனுப்பும் அலுவலகத்தில் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஒரு கெட்டிக்காரத்தனத்தைப் பீற்றிக்கொண்டதற்கு இரண்டு உயிர் விலையா?

மாதம்மாள் சுவரையே பார்த்தபடி கேட்டாள். “ஏம்மா, ஒரே வாயில ரெண்டு நம்பர் இருந்தா?”

“ரெண்டையும் காட்டும்.”

“பத்து இருந்தா?”

“பத்தையும் காட்டும்.”

“ஊருல எல்லார் வாயிலயும் நாப்பது நம்பரும் இருந்தா?”

ஹெப்சிபா நாற்காலியிலிருந்து எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். “அக்கா! அப்போ ஒரு எழவும் தெரியாது! யாருக்கு யாருகிட்டருந்துன்னு கடவுளுக்கே தெரியாது!” சிரிக்க ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். “ஆனா ஏமாத்திக் குடுக்க முடியாது. ஜனத்துக்கிட்ட மறைச்சு ஒரு சொட்டு குடுத்தாலும் அது தப்பு.”

“யாரு மறைக்கச் சொன்னா?” என்றாள் மாதம்மாள். “மைக் செட் போட்டுச் சொல்லுவோம்.”

சனிக்கிழமை காலை காலனிக் கிணற்றடியில் மாரப்பன் பெரிய அண்டாவில் பானகம் கரைத்தார். சுக்குக் காபிதான் போடுவேன் என்று அடம்பிடித்தார், சூடு பட்டால் கிருமி செத்துவிடும் என்று சொன்ன பிறகு வெல்லத்தை இடித்தார். கிணற்றுத் தண்ணீர், வெல்லம், எலுமிச்சை, ஏலக்காய். கொண்டுவந்தது ஒரே ஒரு டம்ளர். அகலமான எவர்சில்வர் டம்ளர்.

“ஒரே டம்ளரா?” என்று கேட்டார் கூட்டத்தில் ஒருவர்.

“ஒரே டம்ளர்தான்,” என்றார் மாரப்பன். பிறகு தன் கடையில் காலனிக்காரர்களுக்கென்று வைத்திருந்த தனி டம்ளரின் நினைவு வந்தவர்போலக் குனிந்து அண்டாவைக் கிண்டினார்.

ஹெப்சிபா மைக்கைப் பிடித்தாள். “நல்லாக் கேட்டுக்கிடுங்க. மிட்டாய் சாப்பிட்ட நாப்பது பேரும் மொதல்ல ஒவ்வொரு மடக்கு குடிச்சிட்டு மிச்சத்தைத் திரும்ப அண்டாவுலயே ஊத்துவாங்க. அவங்களுக்கு வேற நோய் இல்லன்னு டாக்டர் பாத்திருக்காங்க. ஆனா இது எச்சில்தான். நாப்பது பேரு எச்சில். குடிச்சா உங்க நாக்கும் கசப்பைக் காட்டும், டீ குடிக்க முடியாது. நாப்பது நாள்ல போகும்னு சொன்னேன், இப்போ அதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன். விருப்பம் உள்ளவங்க கையெழுத்துப் போட்டுட்டுக் குடிக்கலாம். பெரியவங்க மட்டும். விருப்பம் இல்லாதவங்க போகலாம்.”

நாற்பது பேரும் மிட்டாய் எண் வரிசைப்படி குடித்தார்கள், ஊற்றினார்கள். கபிலன் பதினேழாவதாகக் குடித்தபோது மாதம்மாள் வேண்டுமென்றே அண்டாவை இன்னொரு சுற்றுக் கிண்டச் சொன்னாள். பிறகு இடைவெளி. ஊர்க்காரர்கள் அண்டாவையும் ஒருவர் முகத்தை ஒருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலைந்து பேர் காறிவிட்டுக் கிளம்பினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் தீர்த்தகிரி பைக்கில் சாய்ந்து நின்றார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியது.

செண்பகவல்லியின் ஓரகத்தி முந்தானையை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள். “எனக்குத்தான் ஏற்கெனவே இருக்குதே, இன்னொரு தரம் குடிச்சா என்னா கெட்டுப்போவுது?” ஏழு வருடமாகப் பேசாத கொழுந்தனும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, பாதியைக் குடித்துவிட்டு டம்ளரைச் செண்பகவல்லியிடம் நீட்டினாள். அவள் மிச்சத்தைக் குடித்தாள். அடுத்து இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். “எம் புள்ளைக்கு எந்தத் தண்ணி ஊத்தறதுன்னு எனக்குத் தெரியணும். எவன் எச்சிலா இருந்தா என்னா?”

அதற்குப் பிறகு வரிசை கிணற்றைச் சுற்றி வளைந்தது. படிவங்கள் தீர்ந்துபோய், பள்ளிக்கூடத்திலிருந்து நோட்டு வாங்கிவந்து கையெழுத்து வாங்கினார்கள். ஆண்கள் முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு, “எலுமிச்சை கம்மி மாரப்பா!” என்றார்கள். யாரோ அண்டாவுக்குச் சூடம் காட்டினார்கள். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பயணிகள் கத்தக் கத்த வந்து குடித்துவிட்டு ஓடினார்.

சங்கவி வரிசையில் நிற்கவில்லை. நேராக வந்தாள். நோட்டில் முழுப் பெயரை எழுதினாள். டம்ளரை வாங்கி, அப்பாவைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இருக்குதுங்கண்ணா, இன்னொண்ணு,” என்றாள் மாரப்பனிடம்.

பைக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அண்டாவில் அடிமண்டி மட்டும் மிஞ்சியபோது மாதம்மாள் டம்ளரை ஹெப்சிபாவிடம் நீட்டினாள். ஆய்வாளர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. ஹெப்சிபா விதியையும் அடிமண்டியையும் சேர்த்து விழுங்கினாள். இரண்டு நாள் கழித்துப் பழக்கதோஷத்தில் பேஸ்ட்டால் பல் துலக்கி, அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது.

சோதனை முடிவுகள் வந்த அன்று பேராசிரியர் போனில் கத்தினார். “என்னம்மா இது? கிருமி இருக்கிற முந்நூத்தி எண்பது பேர், எல்லார் வாயிலயும் எல்லா நம்பரும்! வரைபடம் இல்ல, கூழ்!”

“பானகம் சார்,” என்றாள் ஹெப்சிபா. நடந்தது முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள், சங்கவியின் பெயரைத் தவிர.

“ரெண்டாம் கட்டம் கிடைக்காது. விசாரணை வரும்,” என்றார் அவர். “நான் உன் இடத்துல இருந்திருந்தா...” வாக்கியத்தை முடிக்காமல், “அந்தக் கிணத்துத் தண்ணி அளவு என்ன?” என்று கேட்டார்.

“லிட்டருக்குப் பாயிண்ட் ஆறு மில்லிகிராம் சார். அருமையான தண்ணி.”

“அதை எழுதி அனுப்பு. அதையாவது முதல் பக்கத்துல போடுவோம்.”

கிராமசபை கூடி, காலனிக் கிணற்றை ஆழப்படுத்தாமல் அகலப்படுத்தி, குளோரின் போட்டு, மேல்நிலைத் தொட்டிக்குக் குழாய் போடுவது என்று தீர்மானித்தது. தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். தீர்த்தகிரி போடவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று. சங்கவி கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். கபிலன் தனியாக எங்கேயும் போகாமல் இருந்தான்.

ஹெப்சிபா பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலையில் தீர்த்தகிரி வந்தார். பைக் இல்லை, நடந்து வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாலு நாளா எனக்குக் கசக்குது.”

ஹெப்சிபா அவரையே பார்த்தாள். பானகம் கரைத்த சனிக்கிழமை அவர் டம்ளரைத் தொடவில்லை. அது ஊருக்கே தெரியும்.

“வீட்டுல யாருகிட்டயாச்சும் இருந்து வந்திருக்கலாம் தலைவரே. ஒரு மாதிரி எடுத்து அனுப்பினா நம்பர்...”

“டெஸ்ட் வேணாம்!” என்றார் அவசரமாக. பிறகு தன் அவசரத்துக்குத் தானே வெட்கப்பட்டவர்போலச் சட்டைப் பொத்தானைத் திருகினார். “சங்கவி ஊருல இல்லை. எம் பொண்டாட்டிக்கு இது இல்லை. அவ பாட்டுக்கு ருசிச்சு டீ குடிக்கறா. அதனால... எங்க, யாருகிட்டன்னு கேக்காம நீங்க டம்ளர்னு எழுதிக்கங்கம்மா.”

முதல் தடவையாக ‘நீங்க’ என்றார். ஹெப்சிபா கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள். இப்போது சிரித்துவிடக் கூடாது. நோட்டைத் திறந்து, அவர் பெயரை எழுதி, ‘யாரிடமிருந்து’ என்ற பத்தியில் ‘டம்ளர்’ என்று தெளிவாக எழுதி, அவர் பார்க்கும்படி திருப்பிக் காட்டினாள். அவர் படித்தார். மூச்சை விட்டார். பையிலிருந்து மடித்த தீர்மானத் தாளை எடுத்து, அவளுடைய பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வாசல்வரை போனவர் திரும்பாமலே நின்றார்.

“அந்தப் பையன்... மோட்டார் வேலை பாக்கறவன். பதினேழாம் நம்பரு.”

ஹெப்சிபா நோட்டைச் சட்டென்று மூடினாள். இந்த எண்ணை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

“அன்னிக்கி என் பொண்ணு டம்ளரக் கையில எடுத்தப்ப அந்தப் பையன் எங்க பாத்தான்னு நான் பாத்தேன்,” என்றார் தீர்த்தகிரி. “அவன் எத்தனாவதாக் குடிச்சான்னும் எண்ணிக்கிட்டுதான் நின்னேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “பைப்லைன் வேலை தெரியுமா அவனுக்கு?”

“தெரியும் தலைவரே.”

“வரச் சொல்லுங்க.” செருப்பை மாட்டிக்கொண்டார். “வூட்டுக்கு வேணாம். ஆபீசுக்கு வரட்டும்.”

இரண்டு எட்டு வைத்தவர், தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

“இப்போதைக்கு.”